எடைக்கட்டி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு வண்டி போகவும் இல்லை, நின்றுவிடவும் இல்லை.
எட்டு மணி ஷிப்டுக்கு ஆறு நிமிடம்.

பழைய மெஷினும் இப்படித்தான் நேரம் தின்னும்.
காலர் அகலம் இரண்டு சாண்.
ஊசி பெட்டில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.
இரண்டு சாணைப் பின்னிவிட்டு
கேரேஜ் மிச்சத் தூரமெல்லாம் வெறுமனே ஓடி
கோடியில் முட்டித்தான் திரும்பும்.
வெறும் ஓட்டத்துக்கும் கரண்ட்டு, வெறும் ஓட்டத்துக்கும் எண்ணெய்.

எத்திராஜுலு மூன்று நாள் அதைத் திறந்து போட்டார்.
சங்கிலியைக் கழற்றிப் பல் வைத்த பெல்ட்,
சொன்ன இடத்தில் திரும்பும் மோட்டார்.
கடைசி ஊசியைத் தாண்டி நாலு விரல்,
அவ்வளவுதான், திரும்பிவிடும்.
"இனிமே ஊர் சுத்தாதுக்கா" என்றார்
கிரீஸ் கையைப் பனியனில் துடைத்தபடி.

நாலாம் நாள் கீழே குனிந்தார்.

கீழே தேவகிருபையின் இடம்.
துணியின் அடியில் சீப்பை மாட்டி
சீப்பில் இரும்புக் கட்டிகள் தொங்கவிடுவாள்.
நடுவில் இரண்டு, ஓரத்துக்கு ஒன்று கூட.
ஓரம் இளைத்தால் கண்ணி ஊசியோடு மேலே ஏறும்,
ஏறினால் காலர் பாழ்.
துணி ஒரு முழம் இறங்கியதும்
கட்டி தரையைத் தொடுமுன் கழற்றி மேலே மாட்ட வேண்டும்.
எட்டு மெஷின். ஒரு தேவகிருபை.
சத்தத்திலேயே தெரியும் அவளுக்கு,
எது தரைக்கு வருகிறது என்று.

இப்போது அங்கே ரப்பர் உருளை.
ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய தகடு,
பழைய கண்ணியின் கழுத்தை அமுக்கிப் பிடிக்கிறது.
ஓரம் ஏறுவதில்லை.
உண்மையைச் சொன்னால், துணி அழகாக வருகிறது.

பதினோரு நாள் கூலி பாக்கி.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார் முதலாளி.
"அதுவரைக்கும் இது என்னாண்ட இருக்கட்டும்"
என்று கட்டிகளைக் கோணியில் அள்ளினாள்.
காயலான் கடைக்குப் போட வைத்திருந்தவை.
அவர் வாய் திறக்குமுன் நாங்கள் நாலு பேர்
மூட்டையை ஆளுக்கொரு மூலை பிடித்தோம்.
ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார்:
"இன்னாமே, பொணமா?"

போன ஞாயிறு காசிமேட்டில் பார்த்தேன்.
நண்டு வலையின் அடிக்கயிற்றில்
வரிசையாக எங்கள் கட்டிகள்,
ஒவ்வொன்றிலும் மெஷின் நம்பர்,
சிவப்புப் பெயின்ட்டில், என் கையெழுத்து.
உப்புத் தண்ணியில் துரு ஏறாதா என்றேன்.
"ஏறட்டும். பத்து மாசம் தாங்குனா என் கூலி தீந்துடும்."
கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டே சொன்னாள்,
"இங்கியும் கண்ணிதான்.
இன்னா, இது கொஞ்சம் பெருசு."
கொக்கி வலையில் சிக்குகிறதாம்.
ரம்பம் போட்டு அறுத்த கொக்கிகள்
ஒரு பெயின்ட் டப்பா நிறைய.
"ஒண்ணு எடுத்துக்கோ."

கேட் தூக்குகிறார்கள். ஓடுகிறேன்.

முன்பு ஷிப்டுக்கு நூறு காலர், இரண்டு மெஷின்.
இப்போது நாலு மெஷின்; எண்ணுவதைச் சுவிட்சுப் பெட்டி செய்கிறது.
கூலியில் நாற்பது ரூபாய் ஏறியிருக்கிறது.
நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு.
அறாதவரை என் கைக்கு வேலையில்லை.
ஆனாலும் முழத்துக்கு ஒருமுறை
குனிந்து துணிக்கு அடியில் தடவுகிறது அது,
இல்லாத கட்டியை மேலே மாட்ட.

மூன்றாம் நம்பர் மெஷின் பக்கத்துச் சுவரில்
கொக்கியை அடித்து வைத்திருக்கிறேன்.
என் சாப்பாட்டுப் பை அதில்தான் தொங்குகிறது.
கேரேஜ் திரும்பும்போதெல்லாம்
லேசாக ஆடுகிறது.